அச்சாரப் பணமும் கூட்டுப் பேரமும்

(தொழிலாளர் சட்டம் பற்றி யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஐக்கிய அமெரிக்காவில் விமானம் ஓட்டுவோரின் சம்பளம். "ஆகாயத்திற் பறப்பவனுடைய சம்பளக் கணக்கைக் கேட்டு வெங்காயம் நடுகிறவனுக்கு என்ன பயன்?" என்று வாயிலில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. "ஐயா, நீங்கள் அச்சாரம் வாங்கியதுண்டா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் உங்களுக்கும் விளங்கும்.

புகையிலை தோட்டத்தில் நிற்கிறது. இலை இன்னும் முற்றவில்லை. வீட்டிலோ பணமுடை. அந்த நேரம் பார்த்து வியாபாரி படலையைத் திறந்துகொண்டு வருகிறார். கையிலே பணத்தை வைக்கிறார். அந்தப் பணம் பொய்ப் பணமல்ல. அதனால் அடுப்பு எரிகிறது, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது. ஆனால் அதை வாங்கிய கணத்திலேயே, விலை சொல்லும் வாய் கமக்காரனிடமிருந்து வியாபாரியிடம் போய்விடுகிறது. அயல் தோட்டக்காரர் பத்துப் பேரும் சேர்ந்து "இந்த விலைக்குக் குறைந்து கொடுப்பதில்லை" என்று தீர்மானித்தாலும், அச்சாரம் வாங்கியவன் அந்தத் தீர்மானத்துக்கு வெளியே நிற்கிறான்.

அமெரிக்க விமானக் கம்பனிகள் புதிதாக வேலையிற் சேரும் விமானிக்குக் கொடுக்கும் சேர்வுப் போனஸ் என்பதும் இதுதான். ஆயிரக்கணக்கான டொலரை ஒரே தடவையிற் கொடுக்கிறார்கள். அதைக் கண்டு அந்நாட்டு விமானிகள் சங்கங்கள் மகிழ்ச்சியடையவில்லை, ஐயமடைந்தன. தொழிலாளிக்குக் கூடுதலான பணம் கிடைப்பதைத் தொழிற்சங்கம் ஏன் ஐயத்தோடு நோக்கவேண்டும்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதேயாகும்.

பஞ்சம் வந்த வரலாறு

அமெரிக்காவில் விமானக் கம்பனிகள் இரு வகை. யுனைற்றட், டெல்ரா, அமெரிக்கன் போன்ற பெருங் கம்பனிகள் ஒரு வகை. அவற்றின் பெயரையும் நிறத்தையும் தாங்கி, சிறு நகரங்களுக்குச் சிறு விமானங்களை ஓட்டும் பிராந்தியக் கம்பனிகள் மற்றொரு வகை. இளம் விமானி பிராந்தியக் கம்பனியிலே தொடங்கி, பறப்பு மணிகளைச் சேர்த்துக்கொண்டு, பெருங் கம்பனிக்கு ஏறுவான். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், பிராந்தியக் கம்பனியில் முதலாம் வருட உதவி விமானி பெற்ற வேதனம் பறக்கும் மணிக்கு 20 டொலர் அளவிலேயே இருந்தது. பறக்கும் மணிக்கு மட்டுமே கூலி. மாதத்தில் அது எண்பது மணி வரையிலேயே அமையும். விமான நிலையத்திற் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை.

2009 பெப்ரவரி 12 அன்று இரவு, நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோ நகருக்கு அருகே கொல்கன் எயார் என்னும் பிராந்தியக் கம்பனியின் விமானம் வீடொன்றின்மீது வீழ்ந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் நிலத்தில் ஒருவருமாக 50 உயிர்கள் போயின. விசாரணையில் விமானிகளின் பயிற்சி, களைப்பு என்பவற்றோடு அவர்களின் சொற்பச் சம்பளமும் நாட்டின் முன் அம்பலமாயிற்று. இறந்தோரின் குடும்பத்தார் ஓயாது போராடினர். 2010 இல் காங்கிரஸ் புதிய சட்டத்தை இயற்றியது. 2013 முதல், பயணிகள் விமானத்தின் உதவி விமானியும் பொதுவாக 1,500 பறப்பு மணிகளை முடித்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் 250 மணிகளே போதுமாயிருந்தன. இராணுவத்திலிருந்து வருவோருக்கும் குறித்த பட்டப்படிப்பு முடித்தோருக்கும் மட்டும் சிறிது சலுகை உண்டு.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. விமானிகள் ஓய்வுபெறும் வயது 2007 டிசம்பரில் 60 இலிருந்து 65 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. ஐந்து வருடங்கள் அணை போட்டு நிறுத்தப்பட்ட ஓய்வு வெள்ளம் 2012 இன் இறுதியிலிருந்து பாயத் தொடங்கியது. பெருங் கம்பனிகள் பிராந்தியக் கம்பனிகளிலிருந்து ஆட்களை இழுத்தன. பிராந்தியக் கம்பனிகளோ வாசலிற் புதியவரைக் காணவில்லை. இலட்சம் டொலர் செலவழித்துப் பயிற்சி பெற்ற ஒருவன் மணிக்கு 20 டொலருக்கு ஏன் வரவேண்டும்? "விமானிகளுக்குப் பஞ்சம்" என்று கம்பனிகள் கூறின. "பஞ்சம் விமானிகளுக்கல்ல, சம்பளத்துக்கே" என்று விமானிகள் சங்கம் மறுமொழி கூறியது.

ஆள் அருகினால் கூலி ஏறவேண்டும். இது சந்தையின் இயல்பு. ஆனால் பல கம்பனிகள் மணிக்கூலியை உயர்த்தாமல், சேர்வுப் போனஸைத் தூக்கிப் பிடித்தன. ஏன்?

ஒரு கணக்கு

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பனியில் 1,000 விமானிகள். ஆண்டுதோறும் 100 பேர் புதிதாகச் சேருகின்றனர். ஒவ்வொருவரும் ஆண்டில் 900 மணி பறக்கின்றனர். புதியவர் ஒவ்வொருவருக்கும் 15,000 டொலர் போனஸ் கொடுத்தால் கம்பனிக்கு ஆகும் செலவு 15 இலட்சம் டொலர்.

அதே 15,000 டொலரை மணிக்கூலியாகக் கொடுப்பதென்றால், மணிக்கு ஏறக்குறைய 17 டொலர் கூட்டவேண்டும். விமானிகளின் சம்பளமோ ஏணிபோல அமைந்தது. முதலாம் வருடத்தவன் அடிப்படியில் நிற்கிறான். பன்னிரண்டாம் வருடத்தவன் மேற்படியில் நிற்கிறான். அடிப்படியை 17 டொலர் உயர்த்தினால், அது மேலே உள்ள பல படிகளைத் தாண்டிவிடும். ஆகவே ஏணி முழுவதையும் உயர்த்த நேரும். அப்பொழுது செலவு 1,000 பேருக்கும் சேர்த்து 150 இலட்சம் டொலர். பத்து மடங்கு! அதுவும் ஒரு வருடத்தோடு முடிவதன்று, ஆண்டுதோறும் தொடரும்.

கம்பனியின் தாராளத்தின் இரகசியம் இதுதான். பத்துப் பங்கு கொடுக்கவேண்டிய இடத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத் தப்பிக்கொள்வதற்குப் போனஸ் உதவுகிறது. மணிக்கூலி உடன்படிக்கையில் ஏறினால் இறக்குவது அரிது. அடுத்த பேரத்துக்கு அதுவே அத்திவாரமாகும். ஓய்வுகால நிதிக்குக் கம்பனி செலுத்தும் வீதமும் அதனோடு வளரும். போனஸோ இன்று வரும், நாளை போகும். அதனோடு ஒரு கயிறும் கட்டியிருப்பார்கள்: ஓராண்டோ இரண்டாண்டோ முடியுமுன் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். அன்பளிப்பு என்று வந்தது கடனாக மாறி நிற்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

சட்டத்துறை நண்பர்கள் இவ்விடத்தில் சற்றுக் கவனிக்கவேண்டும். அமெரிக்க விமானிகளின் தொழிலுறவை ஆளுவது 1926 இல் இரயில்வே தொழிலாளருக்காக ஆக்கப்பட்ட சட்டம். 1936 இல் அது விமானத் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. அதன் உயிர்நிலை இரண்டு. ஒன்று, பெரும்பான்மையினர் தெரிந்தெடுத்த சங்கமே அந்தத் தொழில் வகுப்பார் அனைவருக்கும் ஏகப் பிரதிநிதி. மற்றொன்று, சம்பளமும் வேலை நிபந்தனைகளும் பேச்சுவார்த்தையின்றி ஒருதலைப்பட்சமாக மாற்றப்படலாகாது.

1944 பெப்ரவரியில், அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரே நாளில் இரு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று ஜே. ஐ. கேஸ் கம்பனி வழக்கு. மற்றொன்று தந்தித் தொழிலாளர் சங்கம் இரயில்வே எக்ஸ்பிரஸ் கம்பனிமீது தொடுத்த வழக்கு. இரண்டிலும் தீர்ப்பை எழுதியவர், பின்னர் நூரெம்பேர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்குத்தொடுநராக விளங்கிய நீதியரசர் றொபேட் ஜாக்சன். கூட்டு உடன்படிக்கை இருக்கையில், முதலாளி தனித்தனி ஆட்களோடு செய்யும் ஒப்பந்தம் அதை வெல்லமாட்டாது என்பது அவர் நாட்டிய கோட்பாடு. தனியாளுக்குப் பாதகமான ஒப்பந்தத்தை மட்டும் அவர் ஐயுறவில்லை. சாதகமான ஒப்பந்தத்தையும் ஐயுற்றார். ஒருவனுக்குக் காட்டும் தனிச் சலுகை, பலருடைய ஒற்றுமைக்கு விலையாக இருக்கக்கூடும் என்பதை அவர் கண்டார்.

அப்படியானால் சேர்வுப் போனஸ் சட்டவிரோதமா? கம்பனித் தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு வாதம் உண்டு. "போனஸைக் காட்டி நாம் அழைப்பது வேலையிலுள்ளவனை அல்ல, வேலை தேடி வருபவனை. அவன் இன்னும் தொழிலாளி அல்லன், ஆகவே சங்கம் அவனுக்குப் பிரதிநிதியும் அல்ல" என்பார் அவர். இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். வேலை ஏற்குமுன் முழுத் தொகையும் கைமாறி, பின்னர் ஒரு நிபந்தனையும் இல்லையென்றால் அதற்கு வலு உண்டு. ஆனால் பணத்திற் பாதி பயிற்சி முடிந்தபின், மீதி ஓராண்டு சேவையின்பின் என்று பிரித்துக் கொடுத்தால், அது வேலை செய்தவனுக்கு வேலைக்காகக் கொடுக்கும் பணமல்லவா? சம்பளத்துக்கு வேறு இலக்கணம் உண்டா? பெயரை மாற்றியதால் பொருள் மாறிவிடாது என்பது என் கருத்து.

சட்டத்தின் மற்றொரு முகமும் உண்டு. இச்சட்டத்தின்கீழ் உடன்படிக்கை காலாவதியாவதில்லை. திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவே. வேலைநிறுத்தம் செய்வதற்கு மத்தியஸ்த சபை இரு தரப்பாரையும் விடுவிக்கவேண்டும்; அதன்பின் 30 நாள் ஆறவேண்டும்; அதன்பின்னும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பெப்ரவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஜனாதிபதி கிளின்ரன் சில நிமிடங்களிலேயே நிறுத்திவைத்தார். றிப்பப்ளிக் என்னும் பிராந்தியக் கம்பனியில் 2007 இல் திருத்தத்துக்கு உரியதான உடன்படிக்கைக்கு 2015 இலேதான் புதிய உடன்படிக்கை கிடைத்தது. எட்டு ஆண்டுகள்!

இத்தகைய நீண்ட பேரத்தில் தொழிலாளியின் கையிலுள்ள ஒரே ஆயுதம் கம்பனியின் அவசரம். ஆள் இல்லாமல் விமானம் நிலத்தில் நின்றால், கம்பனி மேசைக்கு ஓடிவரும். போனஸ் அந்த அவசரத்தைத் தணிக்கிறது. வலிக்கும் இடத்தில் மட்டும் மருந்து பூசிக்கொண்டு, மேசையில் இன்னும் இரண்டு வருடம் மௌனமாக இருப்பதற்கு அது கம்பனிக்கு வசதி செய்கிறது. பேர வலிமை இவ்வாறுதான் கசிந்து போகிறது.

கதவைத் தாழ்த்திய காலம்

இன்று புதியவனுக்குக் கூடக் கொடுத்துப் பிரிக்கிறார்கள். நாற்பது வருடங்களுக்கு முன் புதியவனுக்குக் குறைத்துக் கொடுத்துப் பிரித்தார்கள். 1978 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் போட்டி மூண்டது. 1983 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் இருதரச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. பழையவருக்குப் பழைய அளவு; இனிச் சேருவோருக்கு வெகுவாகக் குறைந்த அளவு. அதற்குச் சங்கம் சம்மதித்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. இனி வரப்போகிறவனுக்கு அன்று வாக்குரிமை இல்லை. அவனுடைய பங்கை விற்றுத் தங்கள் பங்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

1985 மே மாதம் யுனைற்றட் கம்பனியும் இதையே கேட்டது. விமானிகள் மறுத்து 29 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் போராட்டத்தில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி ஒன்றுண்டு. கம்பனி 570 புதிய விமானிகளுக்குப் பயிற்சியளித்து ஆயத்தமாக வைத்திருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கியதும் அவர்களை வேலைக்கு அழைத்தது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் கனவு கண்ட வேலை அது. தங்களைக் குறைந்த சம்பளத்துக்குத் தள்ளும் திட்டம் பற்றியே பிணக்கு என்றாலும், உள்ளே போனால் உத்தியோகம் நிச்சயம். வெளியே நின்றால் ஒன்றுமே நிச்சயமில்லை. மிகச் சிலரைத் தவிர அனைவரும் வெளியே நின்றனர். வெளியாருக்கோ கம்பனி உறுதியான உயர்ந்த சம்பளம் காட்டி ஆள் சேர்த்தது. புதியவனுக்குக் கூலி குறைக்கவேண்டும் என்று வாதாடிய அதே கம்பனி, சங்கத்தை உடைப்பதற்குப் புதியவனுக்குக் கூடக் கொடுக்கவும் தயங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்!

சம்பள விடயம் ஏறக்குறைய இணங்கிய பின்னரும், வேலைக்குத் திரும்பும் நிபந்தனைகள் காரணமாகப் போராட்டம் நீடித்தது. அந்த 570 பேரின் கதியும் அவற்றுள் ஒன்று. பின்னர் கம்பனி அவர்களை ஏற்க மறுத்தது. சங்கம் வழக்காடியது. நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. சங்கத்தின் அங்கத்துவச் சீட்டுக்கூடப் பெறாதவர்கள் சங்கத்துக்காக நின்றார்கள். சங்கமும் அவர்களைக் கைவிடவில்லை. தொழிற்சங்கம் என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இளைஞனைக் குறை கூறலாமா?

இனி ஒரு மறுப்பை எதிர்கொள்ளவேண்டும். "இலட்சம் டொலர் கடனோடு வரும் இளைஞன் 15,000 டொலரை வேண்டாம் என்று சொல்லவேண்டுமா? மூத்தவர்கள் வயிறு நிறைந்தவர்கள். அவர்களுடைய ஏணியைக் காப்பதற்கு இவன் பட்டினி கிடக்கவேண்டுமா?" என்று கேட்கலாம்.

அவன் அதை வாங்கட்டும். பசித்தவனுக்குத் தியாகம் போதிப்பது எனக்கு உடன்பாடன்று. குற்றம் இருந்தால் அதிற் பெரும் பங்கு மூத்தவர்களைச் சாரும். பிராந்தியக் கம்பனிகளில் முதலாம் வருடத்து மணிக்கூலி 20 டொலராகக் கிடந்ததும் கூட்டு உடன்படிக்கையின்படிதான். பேரம் பேசியவர்கள் கிடைத்த பணத்தை ஏணியின் மேற்படிகளில் அடுக்கிக்கொண்டு, அடிப்படியை உளுக்கவிட்டார்கள். உளுத்த படியைக் கம்பனி தன் பணத்தால் தனியே செப்பனிட வந்தபோது, "எங்களைக் கேளாமல் தொடாதே" என்று சொல்லும் உரிமை சட்டத்தில் இருந்தது. தார்மீக வலு குறைந்திருந்தது. தன் வீட்டு இளையவனைக் கவனியாத அண்ணன், அயலான் அவனுக்குச் சோறு போட்டான் என்று கோபிப்பதில் அர்த்தமில்லை.

ஆகவே சங்கம் செய்யவேண்டியது போனஸை மறிப்பதன்று; அதை மேசைக்குக் கொண்டுவருவது. "புதியவனுக்கு நீ இவ்வளவு கொடுக்க ஆயத்தமாயிருக்கிறாய். அப்படியானால் எங்கள் உழைப்பின் சந்தை விலை உடன்படிக்கையில் உள்ளதைவிட உயர்ந்தது என்று நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய். அந்த ஒப்புதலை மணிக்கூலியாக எழுது" என்று கேட்கவேண்டும். சாட்சிச் சட்டத்தில் எதிரியின் ஒப்புதலைப்போல வலுவான சான்று வேறில்லை என்பதைச் சட்டத்தரணிகள் அறிவர்.

அவ்வாறே நடந்துமிருக்கிறது. 2020 இல் கொள்ளைநோய்க் காலத்தில் ஆயிரக்கணக்கான விமானிகள் முன்கூட்டியே ஓய்வுபெற்றனர். பயணிகள் திரும்பி வந்தபோது ஆள் இல்லை. 2022 ஜூனில், அமெரிக்கன் எயார்லைன்ஸுக்குச் சொந்தமான என்வோய், பீட்மொன்ற், பி.எஸ்.ஏ. ஆகிய பிராந்தியக் கம்பனிகள் சங்கத்தோடு பேசி முதலாம் வருட உதவி விமானிக்கு மணிக்கு 90 டொலர் என்று இணங்கின. அதிலும் ஒரு பகுதி 2024 ஓகஸ்ட் வரைக்கும் என்ற காலவரையறையோடுதான் எழுதப்பட்டது என்பதை மறவாதீர்கள். கம்பனி கடைசிவரையும் தற்காலிகத்தையே விரும்பும். அடுத்துப் பெருங் கம்பனிகள் வந்தன. 2023 மார்ச்சில் டெல்ரா விமானிகள் நான்கு ஆண்டுகளுக்கு 34 சதவீத உயர்வு பெற்றனர். 2024 ஜனவரியில் சவுத்வெஸ்ற் விமானிகள் உடன்படிக்கைக் காலம் முழுவதுக்குமாக 50 சதவீத அளவில் உயர்வு பெற்றனர்.

2024 இலேயே காற்றுத் திரும்பியது. புதிய விமானங்கள் வந்துசேரத் தாமதித்தன. பல கம்பனிகள் ஆட்சேர்ப்பைக் குறைத்தன. ஸ்பிரிற் கம்பனி நூற்றுக்கு மேற்பட்ட விமானிகளை வேலையிலிருந்து நிறுத்தியது. மணிக்கூலி உயர்வு கம்பனியை வீழ்ச்சியினின்று காக்கும் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்சேர்ப்பு நின்ற நாளில் சேர்வுப் போனஸுக்கு இடமே இல்லாமற் போய்விடும். உடன்படிக்கையில் எழுதிய கூலியை அவ்வாறு ஒரு நாளில் அழிக்க முடியாது. மழைக்காலத்தில் கிணற்றை ஆழமாக்கியவனுக்குக் கோடையில் தண்ணீர் உண்டு.

நமது மண்ணின் பாடம்

இந்தப் பாடம் நமது நாட்டுக்குப் புதிதன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் துண்டு முறை என்று ஒன்றிருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனை இறுத்தாலே அவன் இடம் மாறலாம். ஆள் தேவைப்பட்ட தோட்டங்கள் போட்டியிட்டு முற்பணத்தைக் கூட்டின, நாட்கூலியைக் கூட்டவில்லை. அந்த முற்பணத்தைக் கங்காணி எண்ணினார். தொழிலாளியின் தலையிற் கடன் ஏறியது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆள் அருகிய காலம் தொழிலாளிக்கு நற்காலமாக வேண்டியிருக்க, அதுவே விலங்காயிற்று. உழைப்பின் விலையைக் கூட்டாகச் சொல்லுவதற்கு அன்று அவனுக்குச் சங்கம் இல்லாதிருந்ததே காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் என் அறைக்கு வந்தார். வேலையிற் சேரும்போது பெற்ற பணத்துக்காகக் கைச்சாத்திட்ட பத்திரம் அவர் கையில் இருந்தது. தாயார் நோயுற்றதால் ஊர் திரும்பியவரிடம் நிறுவனம் முழுத் தொகையையும் கேட்டிருந்தது. பத்திரத்தில் சட்டப் பிழை தேடித் தேடிப் பார்த்தேன். அது ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. "இதிற் கையெழுத்து வைக்குமுன் யாரையாவது கேட்டீர்களா?" என்றேன். "கேட்பதற்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை, ஐயா" என்றார். தவணை முறையிற் கட்டுவதற்கு ஒழுங்கு செய்துகொடுத்ததைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அந்த மறுமொழி இன்றும் என் காதில் இருக்கிறது.

நமது கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் 1950 இல் ஆக்கப்பட்டது. 1999 இன் திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தலத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத தொழிலாளரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது முதலாளியின் நியாயமற்ற செயலாகும். நூற்றுக்கு நாற்பது என்ற அந்த எண்ணிக்கையை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவனை வாசலிலேயே வரவேற்றுச் சேர்த்துக்கொள்ளாத சங்கம் அந்த எண்ணிக்கையை எட்டமாட்டாது.

பெரியோர்களே, நான் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்லி அமர்கிறேன். முதலாளி கையை நீட்டிப் பணம் தரும்போது அதைத் தள்ளவேண்டாம். எவ்வளவு என்று எண்ணுவதோடு நின்றுவிடவும் வேண்டாம். இது எல்லோருக்கும் உண்டா, அடுத்த வருடமும் உண்டா, எழுத்தில் உண்டா, திருப்பிக் கேட்க இடமுண்டா என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். தனியே நின்று கேட்டால் மறுமொழி வராது; சேர்ந்து நின்று கேளுங்கள். மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏணியின் அடிப்படியைப் பழுதுபார்க்கும் வேலையை முதலாளியிடம் விட்டுவிடாதீர்கள். நாளை அந்தப் படியில் கால் வைக்கப்போவது உங்கள் பிள்ளை.